இந்தா இன்னொருத்தன்

ஜூலை 22, செவ்வாய்

பிகாஷுக்கு இடது மணிக்கட்டில் எலும்பு முறிவு. உறுதி செய்தவர் ஜி.ஹெச். எலும்பு டாக்டர், எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். வெளியே ஆடிக் காற்று, ஊரெல்லாம் தூசி. பைக் பிரேக் வயர் மாற்ற வேண்டும்.

ஞாயிறு நடந்ததை மறப்பதற்குள் எழுதி வைக்கிறேன். தாடிக்கொம்புக்கு அந்தப் பக்கம் ஒரு ஊர். பெயர் இங்கும் வேண்டாம். சம்பங்கி விலை சரிவு பற்றிச் செய்தி எடுக்கப் போனேன். பஸ் நிறுத்தத்தில் கூட்டம். நடுவில் தரையில் ஒரு பையன், சட்டை கிழிந்து. அதுதான் பிகாஷ். அசாம். ஸ்பின்னிங் மில்லில் வேலை. விடுமுறைக்குக் கோயில் பார்க்க வந்தவன், நிறுத்தம் தவறி இறங்கி, தெருவில் விளையாடிய பிள்ளைகளிடம் வழி கேட்டிருக்கிறான். வடக்கத்தி ஆட்கள் பிள்ளை பிடிக்க வந்திருப்பதாக வாட்ஸ்அப்பில் ஒரு குரல்பதிவு சுற்றிக்கொண்டிருக்கிறது. பொய் என்று போலீஸ் சொல்லியாயிற்று. அந்தச் செய்தியை எழுதியதும் நான்தான்.

உள்ளே புகுந்து என்ன விஷயம் என்று கேட்டேன். யாரோ சொன்னார்கள்: "இந்தா இன்னொருத்தன்."

இந்த முகத்தோடு வேறென்ன. தமிழில் விளக்கினேன். "தமிழு அம்புட்டையும் பழகிக்கிட்டுத்தான் வந்திருக்கானுக" என்றார் வேட்டி கட்டிய ஒருவர். பிரஸ் கார்டு நாலைந்து கை மாறியது, திரும்பி வரவில்லை. பிறகு அடி. உதட்டில் தையல்.

முன்னாள் ஊராட்சித் தலைவர் வண்டியை நிறுத்தி ஓடிவந்தார். எனக்குப் பழைய பழக்கம். "ஏலே, விடுங்கடா. நம்ம பேப்பர் கிருஷ்ணன் சாருடா." உடனே நாற்காலி. சோடா. பிகாஷ் தரையிலேயே. போலீஸ் வரும்வரை ஒருவன் அவன் காலரை விடவில்லை. சோடாவைப் பாதி குடித்த பிறகுதான் அதைப் பார்த்தேன்.

ஜூலை 23, புதன்

வெயில். வாய் திறந்தால் தையல் இழுக்கிறது. கஞ்சி மட்டும்.

திங்கட்கிழமைப் பேப்பர் இன்றுதான் கையில் கிடைத்தது. உள்பக்கம், ஒற்றைப் பத்தி: வடமாநில ஆள் என நினைத்து நிருபர் மீது தாக்குதல். பிகாஷ் இல்லவே இல்லை. நான் சொல்லி எழுத வைத்ததில் முதல் வரியே அவன். செய்தி ஆசிரியருக்குப் போன் செய்தேன். இடமில்லை என்றார்; நடந்தது அதுதானே என்றார். நிஜமாகவே வடமாநில ஆளை அடித்தால் செய்தி இல்லையா என்று கேட்டேன். ரெஸ்ட் எடுக்கச் சொன்னார்.

மதியம் ஜி.ஹெச். நர்ஸம்மா: "ஒங்க ஊருப் பையன்தான சார், வலி எங்கன்னு கேட்டுச் சொல்லுங்க." என் ஊர் இது. இதே ஆஸ்பத்திரியில் பிறந்தேன். அப்பா நேபாளத்திலிருந்து வந்து பழனி ரோடு பக்கத் தெருக்களுக்குக் கூர்க்காவாக இருந்தார். எனக்குத் தெரிந்த நேபாளி அம்மாவின் அடுப்படியோடு சரி: சாப்பிடு, தூங்கு, கதவைச் சாத்து. அசாம் பாஷை ஒரு சொல் தெரியாது. நானும் பிகாஷும் பேசிக்கொண்டது தமிழில்தான். அவனுடையது மில்லில் கற்ற தமிழ்.

"அண்ணே, எத்தன வருஷம் இங்க?"

பிறந்ததே இங்கே, ஐம்பத்திரண்டு வயது என்றேன். என் உதட்டைப் பார்த்தான். அதற்கு மேல் கேட்கவில்லை.

பள்ளி ஆண்டு விழா ஞாபகம் வந்தது. வருடா வருடம் எல்லைப் போர் நாடகம். எனக்கு ஒரே வேடம், சீனச் சிப்பாய். வசனம் கிடையாது. சுடப்பட்டதும் விழ வேண்டும். நன்றாக விழுவேன். கைதட்டல் பலமாக வரும். அப்பா முன்வரிசையில் உட்கார்ந்து கைதட்டுவார். வீட்டுக்குப் போகும் வழியில் பேசமாட்டார்.

மாலை ஸ்டேஷன். பிகாஷ் கேஸ் வேண்டாம் என்கிறான், எழுதித் தரவில்லை என்றார் எஸ்.ஐ. அவர் பக்கத்தில் மில் சூப்பர்வைசர் நின்றுகொண்டிருந்தார். ஆக இப்போதைக்கு இருப்பது என் புகார் ஒன்றுதான். அதை வாபஸ் வாங்கினால் ஞாயிறு அந்த ஊரில் எதுவுமே நடக்கவில்லை.

ஜூலை 24, வியாழன்

மேகம். மழை ஏமாற்றிவிட்டது. சிலிண்டர் புக் பண்ணவேண்டும்.

காலையில் தலைவர் வந்தார். கூட ஐந்து பேர். பழத்தட்டு, சால்வை. என்னை அடித்த இருவரை அடையாளம் தெரிந்தது. ஒருவன் என் பிரஸ் கார்டைத் துடைத்துத் திருப்பித் தந்தான். என் மனைவி அமலி காபி கொடுத்துவிட்டு உள்ளே போகாமல் கதவோரம் நின்றாள்.

தலைவர் நிஜமாகவே வருந்தினார். "தெரியாம நடந்துபோச்சு சார். நீங்க நம்ம ஆளுன்னு தெரிஞ்சிருந்தா வெரலு பட்டிருக்குமா?" இந்த இருவரில் ஒருவன் போலீஸ் வேலைக்கு எழுதியிருக்கிறானாம். கேஸ் விழுந்தால் அவ்வளவுதான். அதுவும் பொய்யில்லை. அவன் அம்மாவை எனக்குத் தெரியும். பூ மார்க்கெட்டில் பூ கட்டுபவர்.

பிகாஷை ஆஸ்பத்திரியில் போய்ப் பார்த்தீர்களா என்று கேட்டேன்.

"அவனை எதுக்கு சார்?" என்றான் போலீஸ் வேலைக்கு எழுதியவன். எகத்தாளமில்லை. உண்மையாகவே புரியாமல் கேட்டான். அமலி பழத்தட்டை எடுத்து அவர்கள் பக்கம் நகர்த்தி வைத்தாள்.

வருத்தம் தெரிவித்ததற்கு நன்றி சொன்னேன். வாபஸ் வாங்கமாட்டேன் என்றேன். தலைவர் எழுந்தார். மாடிப்படி இறங்கும்போது யாரோ சொன்னது மேலே வரை கேட்டது: "என்ன இருந்தாலும் கூர்க்கா மவன்தான."

பின்னாலேயே தலைவரின் அதட்டல். யாரை அதட்டினார் என்று தெரியவில்லை.

சால்வையை விட்டுப் போய்விட்டார்கள்.

ஜூலை 25, வெள்ளி

ஆடி வெள்ளி. நாலு திசையிலும் ஒலிபெருக்கி. தையல் பிரித்தாயிற்று.

பிகாஷை டிஸ்சார்ஜ் செய்து மில் விடுதிக்கு அழைத்துப் போய்விட்டார்கள். டிக்கெட் எடுத்துக் கொடுத்திருக்கிறார்கள், ஞாயிறு வண்டி. கை ஆறியதும் வா என்று வாய்ச்சொல். எஸ்.ஐ.யிடம் கேட்டேன். அவன் திங்கட்கிழமை வந்து வாக்குமூலம் தந்தால் இரண்டு பேருக்கும் சேர்த்து எஃப்.ஐ.ஆர்., இல்லாவிட்டால் என் புகார் மட்டும் என்றார். அது சாதாரணத் தகராறாகப் பதிவாகும். சொல்லும்போது அவர் முகத்தை வேறு பக்கம் வைத்துக்கொண்டார்.

விடுதி வாசலில் பிகாஷிடம் சொன்னேன்: எங்கள் வீட்டில் தங்கு, திங்கள் நானும் கூட வருகிறேன். அமலி மாடி அறையைக் கூட்டி வைத்திருக்கிறாள்.

"சைன் போட்டா, அப்பறம் ரோட்ல போலாமா அண்ணே?"

நானும் சேர்ந்து நடப்பேன் என்றேன். அவன் சிரித்தான். நாங்கள் இரண்டு பேர் சேர்ந்து நடந்தால் என்ன நினைப்பார்கள் என்று அவனுக்கும் தெரியும்.

அவனை நிற்கச் சொல்வது அவன் நல்லதுக்குத்தானா என்பது எனக்கு உறுதியாகவில்லை.

அம்மாவிடம் போனில் கேட்டுச் சொல்கிறேன் என்றான். பதில் சொல்ல, நாளை மாலை ஷிப்ட் முடிந்து ஆட்கள் வெளியே வரும்போது என்னை மில் கேட் பக்கம் வரச் சொல்லியிருக்கிறான்.