எடுப்பு விட்டுப்போன புறா

ஜூலை 1, திங்கள். கோலாலம்பூர்

வாங்கிவிட்டேன். செராஸில் பதினாலாவது மாடி, சியூ வீட்டுப் பால்கனி. துணி காயப்போடும் கம்பியில் கூண்டு தொங்கியது. கைக்கெட்டும் தூரத்தில் நின்று அரை மணி நேரம் கேட்டேன். பாட்டின் முதல் சத்தமான எடுப்பு மெல்லிசாக, பட்டு நூல் இழுத்த மாதிரி. நடுவில் நாலு தட்டு. முடிப்பில் கனமாக ஒரு 'கோங்'. மூன்றும் ஒன்றையொன்று இடிக்காமல் வருகிற வரிப்புறா வருஷத்துக்கு ஒன்று கிடைத்தாலே அதிர்ஷ்டம். நடுவும் முடிப்பும் எந்தப் புறாவுக்கும் பழக்கத்தில் வந்துவிடும். எடுப்பு பிறவியிலேயே இருக்க வேண்டும். போட்டியில் நடுவர்கள் முதலில் தேடுவதும் அதைத்தான்.

சியூ மகள் வீட்டோடு போகிறார். அங்கே பூனை இருக்கிறதாம். "அவ பூனையை விட மாட்டேங்கறா. நான் புறாவை விடறேன். என்ன பண்ண, சோறு போடப்போறவ அவ" என்றார். மாடியை வைத்து அதற்குப் பெயர் பதினாலு. நானும் மாற்றவில்லை.

பாச்சோக்கில் ஹாஜி மாமாட்டுக்கு போன் செய்தேன். இந்த மாதக் கடைசியில் நடக்கும் போட்டிக்கு அவருக்குப் புறா வேண்டும். "நீ காதால கேட்டியா?" என்றார். கேட்டேன் என்றேன். "அப்ப கொண்டா." வேறு ஒரு கேள்வி இல்லை. முப்பது வருஷமாகக் கிழக்குக் கரையில் என் காதுக்கு இருக்கும் மரியாதை அது. தீனிப் பொட்டலம் கட்டி சைக்கிளில் விற்றவன் கோத்தா பாருவில் கடை போட்டது இந்த இரண்டு காதுகளை வைத்துத்தான். வேறு முதல் என்னிடம் இருந்ததில்லை.

ஜூலை 2, செவ்வாய். ஜெரன்துட் போகும் வழி

நெடுஞ்சாலையைப் பிடித்தால் ஒரே நாளில் ஊர். ஆனால் அவசரமாகத் தூக்கிப்போன புறா ஒரு மாதம் வாய் திறக்காது. அதனால் சுற்றுவழி: காட்டோரம், பிறகு மலை, பிறகு இறங்கிக் கடற்கரை. நின்ற இடத்திலெல்லாம் கூண்டைக் காலையில் தொங்கவிட வேண்டும். ஒவ்வொரு இடத்திலும் ஒரு புறா எப்படிப் பாடுகிறது என்று பார்க்க எனக்கே ஆசை. வேனில் நாற்பதுக்கு மேல் போகவில்லை.

மனைவி சோமும் கூட இருக்கிறாள். மகளைப் பார்க்க வந்தவள், திரும்பும்போது மலைக்குப் போய் ஸ்ட்ராபெரி பறிக்க வேண்டும் என்கிறாள். கல்யாணமாகி முப்பத்தோரு வருஷத்தில் என்னோடு புறாப் பயணம் வருவது இதுதான் முதல் தடவை.

"புறாவுக்கு வலிக்கும்னு இப்படி உருட்டறீங்க. எனக்கு வலி எடுத்தப்பவும் ஆஸ்பத்திரிக்கு இதே நாப்பதுதான்" என்றாள்.

"ரோடு அப்ப சரியில்லை."

"ரோடு நல்லாத்தான் இருந்துச்சு. பின்னாடி ரெண்டு கூண்டு இருந்துச்சு."

பெந்தோங் தாண்டி அரை மணி கழித்து, "அந்த சிக்னலை அணைங்களேன், டிக் டிக்குனு மண்டைல அடிக்குது" என்றாள். பார்த்தேன், விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது. வேன் பழசு. சத்தம் செத்துவிட்டது போல.

ஜூலை 3, புதன். குவாலா தஹான்

ஆற்றுக்கு இந்தப் பக்கம் பலகை வீடு, அந்தப் பக்கம் பெருங்காடு. விடிந்ததும் கூண்டை வாசல் மரத்தில் ஏற்றினேன். பதினாலு பாடியது, ஆனால் எடுப்பு இல்லை. நடுவும் அரைகுறை. 'கோங்' மட்டும் சுத்தமாக வருகிறது. பதினோரு தடவை எண்ணினேன், பதினோரு தடவையும் அப்படியே. புது இடத்துப் பயமா?

இன்னொரு விசித்திரம். காடு இந்த முறை அமைதியாக இருக்கிறது. முன்பெல்லாம் சாயங்காலம் ஆனால் சில்வண்டுகள் காதைக் கிழிக்கும். ஒன்றுகூட இல்லை. மருந்து அடித்துவிட்டார்களா? சோம் காதில் பஞ்சு வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "இந்த இரைச்சல்ல மனுஷன் இருப்பானா" என்றாள். ஆற்றில் படகுகள் போய்க்கொண்டிருந்தன.

ஜூலை 4, வியாழன். குவாலா தஹான்

தினையை மாற்றினேன். தண்ணீரைக் காய்ச்சி ஆற்றி வைத்தேன். கூண்டைக் கிழக்கிலிருந்து மேற்கே மாற்றினேன். பலன் இல்லை. ஆனால் தீனி போடக் கூண்டுக்குள் கை விட்டபோது ஒரே ஒரு தடவை எடுப்பு வந்தது, சியூ வீட்டில் கேட்ட அதே எடுப்பு. அப்படியானால் சரக்கு உள்ளே இருக்கிறது. வெளியே விட மறுக்கிறது. ஏன்?

யோசித்தால் இது பதினாலின் நோய் மட்டும் இல்லை. இந்த வருஷம் கடைக்கு வந்ததில் ஒன்பது புறாக்களை எடுப்பு இல்லை என்று திருப்பி அனுப்பியிருக்கிறேன். நோட்டில் இருக்கிறது. இதற்கு முன் எந்த வருஷமும் மூன்றைத் தாண்டியதில்லை. நாட்டில் குஞ்சுகளுக்கே ஏதோ ஆகிவிட்டது. தொடக்கம் போன வருஷம் ஹாஜி மாமாட்டின் முத்தியாரா என்கிற புறா. அவரே குஞ்சிலிருந்து வளர்த்தது. போட்டிக்கு முந்தின வாரம் வந்து கேட்கச் சொன்னார். பத்தடி உயரக் கம்பத்தில் இருந்தது. கேட்டேன். எடுப்பு இல்லை அண்ணே, கழிச்சிடுங்க என்றேன்.

ஜூலை 5, வெள்ளி. பிரிஞ்சாங்

சுங்கை கோயான் வழியாக மலை ஏறினோம். வளைவுக்கு வளைவு சோம் வாந்தி. "ஸ்ட்ராபெரி வேண்டாம், ஒண்ணும் வேண்டாம், இறக்கி விடுங்க" என்றவள், தோட்டத்தைக் கண்டதும் கூடையோடு ஓடிவிட்டாள். குளிரில் பதினாலு பந்து மாதிரி உப்பிக்கொண்டு கம்மென்று இருக்கிறது. அதைக் குறை சொல்ல முடியாது.

ஜூலை 6, சனி. பிரிஞ்சாங்

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

காலையில் பனி. ஒரு வண்டி இல்லை, ஒரு காற்று இல்லை. விடுதித் தாழ்வாரத்தின் அந்தக் கோடியில் கூண்டைத் தொங்கவிட்டு, இந்தக் கோடியில் நோட்டோடு உட்கார்ந்தேன். சோம் தேநீர் கலக்கிக்கொண்டிருந்தாள். 'கோங்'. சற்றுக் கழித்து இன்னொரு 'கோங்'.

"தலை இல்லாத முண்டம். ஹாஜி முகத்தில எப்படி முழிப்பேன்" என்றேன்.

"எது முண்டம்?"

"எடுப்பே இல்லையே, சோம்."

அவள் கரண்டியைக் கீழே வைக்காமலே வாயால் பாடிக் காட்டினாள். எடுப்பு, நாலு தட்டு, கோங். முழுசாக. சுருதி பிசகாமல். "இதைத்தானே கத்திக்கிட்டு இருக்கு விடிஞ்சதுலேருந்து? இந்த முதல்ல வர்ற ஊசிச் சத்தம் இல்லேன்னா நான் இன்னும் அரை மணி தூங்கியிருப்பேன்."

"இப்ப வந்துச்சா அது?"

"இப்பவும் வந்துச்சே."

எனக்கு வரவில்லை.

அவளைத் திரும்பி நிற்கச் சொன்னேன். எடுப்பு வரும்போது விரலைத் தூக்கு என்றேன். அவள் விரல் தூக்கினாள். நான் மூச்சை அடக்கிக்கொண்டு இருந்தேன். ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை, அப்புறம் கோங். மறுபடி விரல். மறுபடி ஒன்றுமில்லை. கோங். எட்டுத் தடவை. ஒரு தடவைகூட விரல் இல்லாமல் கோங் வரவில்லை.

"காட்டுல சில்வண்டு கத்திச்சா?" என்று கேட்டேன்.

"கத்திச்சாவா? நான் எதுக்குப் பஞ்சு வச்சேன், அழகுக்கா?"

வேன் சிக்னல். சில்வண்டு. கைக்கெட்டும் தூரத்தில் மட்டும் வந்த எடுப்பு. ஒன்பது புறா. — புறா எதுக்கும் ஒண்ணும் ஆகலை. எனக்குத்தான் ஆயிருக்கு. இத்தனை நாள் என்னத்தைக் கேட்டுட்டு உக்காந்திருந்தேன் நான்? சோம் தேநீரை என் கையில் கொடுத்தாள். கேலி செய்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஜூலை 7, ஞாயிறு

முத்தியாரா.

ஜூலை 8, திங்கள். லோஜிங் தாண்டி, குவா மூசாங்

இறங்குகிற பாதை முழுக்க வாக்குவாதம். நான்தான் முதலில் கேட்டேன், ஹாஜியிடம் சொல்லியே ஆக வேண்டுமா என்று. பதினாலு நல்ல புறா. விற்றால் யாருக்கும் நஷ்டம் இல்லை. சொன்னால்? புறா வியாபாரி செவிடென்றால் எவன் வருவான்? வார முடிவுக்குள் தும்பாட் வரைக்கும் தெரிந்துவிடும்.

"சொல்லாதீங்க. நான் ஒண்ணும் சொல்லலையே" என்றாள்.

"நீ என்ன நினைக்கறே?"

"இத்தனை வருஷத்துல ஒரு புறாவைப் பத்தி என்கிட்ட கேட்டிருக்கீங்களா? இன்னைக்கு மட்டும் என்ன?"

லோஜிங் தாண்டினோம். பிறகு அவளே, "நீங்க கழிச்சுவிட்ட அந்த முத்தியாரா. நானும்தான் அன்னைக்கு ஹாஜி வீட்டுக்கு வந்திருந்தேன். சமையக்கட்டுல இருந்து கேட்டேன். நல்லாத்தான் இருந்துச்சு" என்றாள்.

"ஏன்டி அப்பவே சொல்லலை?"

"நீங்கதானே காது. நான் யாரு?"

இதைப் படித்துப் பார்த்தால் கோபமாகச் சொன்ன மாதிரி இருக்கிறது. இல்லை. ஸ்ட்ராபெரி தின்றுகொண்டே சொன்னாள்.

ஜூலை 9, செவ்வாய். பாச்சோக்

ஹாஜி வீடு தென்னந்தோப்புக்குள்ளே, அப்பால் கடல். அலைச் சத்தம் எனக்கு நன்றாகக் கேட்கிறது. கனத்த சத்தமெல்லாம் கேட்கிறது.

பதினாலைக் கம்பத்தில் ஏற்றினார். மீன் வற்றலும் தேநீரும் வந்தன. கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். "எடுப்பு பிரமாதம்னு எனக்குப் படுது. நீ என்ன சொல்றே, டெராமான்?"

தலையை ஆட்டினால் போதும். ஆட்டியே விட்டேன், பாதி.

"எனக்குக் கேக்கலை, அண்ணே."

விளையாட்டென்று நினைத்துச் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. "மெல்லிசுச் சத்தம் ஒண்ணும் காதுல விழறதில்லை. மலையிலதான் கண்டுபிடிச்சேன்."

"எப்பலேருந்து?"

இந்தக் கேள்வி வரும் என்று தெரியும். "தெரியலை. போன வருஷமே இருந்திருக்கும்."

கண்ணாடிக் குவளையைக் கீழே வைத்தார். கடலைப் பார்த்தபடி பேசினார். "முத்தியாராவை இந்தத் தோப்புலயே பறக்க விட்டேன். நீ கழிச்சதை இன்னொருத்தன் தலையில கட்ட மனசு வரலை. எனக்கு எடுப்பு கேட்டுச்சு, டெராமான். தெளிவாக் கேட்டுச்சு. நீ இல்லேன்னு சொன்னே. எழுபதாச்சே, நம்ம காதுதான் போச்சு, இல்லாததெல்லாம் கேக்குதுன்னு நெனச்சேன். அதுக்கப்புறம் ஒரு புறாவைக்கூட நானா முடிவு பண்ணினதில்லை. எல்லாத்துக்கும் உனக்குப் போன் போட்டேன்."

மன்னிக்கச் சொன்னேன். அவர் சோம் பக்கம் திரும்பினார். "தங்கச்சி, உனக்குக் கேக்குதா?"

"கேக்குதே அண்ணே. மூணாவது தடவை மட்டும் எடுப்பு கொஞ்சம் இழுத்துச்சு. தொண்டைல தினை நின்னிருக்கும்."

ஹாஜி நிமிர்ந்து உட்கார்ந்தார். "எனக்கும் மூணாவதுதான் இழுத்துச்சு" என்றார். அதை இரண்டு தடவை சொன்னார்.

புறாவை வைத்துக்கொண்டார். வாசல் வரை வந்து சோமுக்கு விடை கொடுத்தார். எனக்குக் கை கொடுக்கவில்லை.

ஜூலை 15, திங்கள்

காது டாக்டர். மெல்லிசுச் சத்தங்கள் போனது போனதுதானாம். இன்னும் போகாமல் பார்த்துக்கொள்ளலாம். மிஷினை மாட்டிப் பார்த்தேன். சோம் குரல்தான் முதலில் பெரிதாகக் கேட்டது. போனில் பதிந்து வைத்திருந்த புறா தகர டப்பாவுக்குள் உட்கார்ந்து பாடுகிற மாதிரி இருக்கிறது. ஆனாலும் எழுதிக் கொடுக்கச் சொல்லிவிட்டேன்; மிஷின் கைக்கு வர இரண்டு மாதமாகுமாம்.

நான் திருப்பி அனுப்பிய ஒன்பது புறாக்காரர்களில் ஆறு பேருக்குப் போன் செய்தேன். இரண்டு பேர் திட்டினார்கள். ஒருவர் என் பேச்சை மதிக்காமல் வைத்துக்கொண்டிருந்தாராம். அவர் புறா இரண்டு கோப்பை வாங்கியிருக்கிறது. "உங்க கிட்ட சொல்ல வேணாம்னு இருந்தேன், மனசு கஷ்டப்படுவீங்கன்னு" என்றார்.

ஜூலை 26, வெள்ளி

போட்டி. பதினாலு இரண்டாமிடம். ஹாஜி தூரத்தில் இருந்தார். கம்பங்களுக்கு நடுவே குடை பிடித்துக்கொண்டு சோம் நடந்தாள், பின்னால் நோட்டோடு நான். "இருபத்தி மூணாம் நம்பர், நடு சரியில்லை. பாத்திரம் உருண்ட மாதிரி இருக்கு" என்பாள், நான் எழுதுவேன். கடைக்காரன் ஒருவன் என்னைக் கடந்து போய் அவளிடம், "அக்கா, அந்த ஓரத்துல இருக்கறது எப்படி?" என்று கேட்டான். எனக்குச் சுருக்கென்றது. பொய் எழுதுவானேன். பிறகு பரவாயில்லை.

ஆகஸ்ட் 9, வெள்ளி. பாச்சோக்

நேற்று ஹாஜி போன் செய்தார், சோமின் எண்ணுக்கு. இந்த மாதம் தினம் விடியற்காலை சுபுஹுத் தொழுகை முடித்துத் தோப்புக்குள் போகிறாராம். ஒரு சத்தம் கேட்கிற மாதிரி இருக்கிறதாம். "தங்கச்சி வந்து கேட்டுச் சொல்லட்டும்." பிறகு, "அவனையும் கூட்டிட்டு வா, மரத்துல கூண்டு கட்டத் தெரிஞ்ச ஆளு வேணும்" என்றிருக்கிறார்.

விடியும்போது போனோம். கதவு திறந்த காலிக் கூண்டைத் தோளில் தூக்கிக்கொண்டு நான் பின்னால். பத்துத் தென்னை தாண்டியதும் ஹாஜி நின்றார். சோம் நின்றாள். இருவரும் ஒரே நேரத்தில் தலையைத் திருப்பி, ஒரே மரத்தின் உச்சியைப் பார்த்தார்கள். ஹாஜி அவள் முகத்தைப் பார்த்தார். அவள் விரலைத் தூக்கினாள்.

எனக்கு அலைதான் கேட்டது. காத்திருந்தேன். கோங்.

அந்த முடிப்பு எனக்குத் தெரியும். போன வருஷம் இதே தோப்பில் நின்று கேட்டது. முத்தியாராதான் என்று சொன்னேன். என் பேச்சை ஹாஜி ஏற்றுக்கொண்டாரா, தெரியவில்லை. அந்த மரத்தைக் காட்டி, "இன்னும் கொஞ்சம் தாழ்வாக் கட்டு" என்றார். கட்டினேன். கூண்டு ஆடாமல் இருக்க, கயிற்றின் மறுமுனையை அவர் பிடித்துக்கொண்டார்.