என் காதில் விழவில்லை

அன்புள்ள வளவா,

கால்பந்து கிளப்பை விட்டு நான் திருவண்ணாமலைக்கு வந்து இரண்டு வருடமாகிறது. நேற்று செங்கம் ரோட்டில் ஒரு கறுப்பின இளைஞர் எதிரே வந்தார். நம் கிளப்பில் ஆடிய கானாக்காரன் கோஃபி என்று நினைத்து டீக்கடைக்குள் ஒளிந்துகொண்டேன்.

அன்று பந்து பறிபோன ஆத்திரத்தில் நீ கோஃபியைக் குரங்கு என்று கத்தினாய். அவன் புகார் கொடுத்ததும், "நீ எதுவும் கேக்கலன்னு சொல்லிடுடா" என்றாய். விசாரணையில் அப்படியே சொன்னேன். கிளப் கமிட்டி அவனை ஒரு வார்த்தை பேசவிடாமல், பொய்ப்புகார் என்று கானாவுக்கே திருப்பி அனுப்பிவிட்டது.

போகும்போது என்னிடம், "நீ பக்கத்துலதானே இருந்தே?" என்று கேட்டான், நாம் கற்றுக்கொடுத்த தமிழில். அந்தக் குரல் என்னை விடவே இல்லை.

இன்று கமிட்டிக்கு உண்மையை எழுதி அனுப்பிவிட்டேன். உன்னையும் கூப்பிட்டு, நீ சொல்வதை முழுதாகக் கேட்ட பிறகே முடிவெடுக்கச் சொல்லியிருக்கிறேன். அவனுக்கு அதுகூடக் கிடைக்கவில்லை.

இப்படிக்கு,
உன்னோடு ஆடியவன்