தபசுகாலத்தில் பிடுங்கிய பல்

அன்பு மகன் பெவினுக்கு,

மாதாவின் தயவால் நானும் உன் அம்மாவும் எழுந்து நடமாடுகிறோம், நீயும் மஸ்கட் வெயிலில் நேரத்துக்குச் சாப்பிட்டுச் சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். போனில் சொன்னால் அவள் காதில் விழும், அதனால் லீவு முடிந்து அங்கே திரும்பும் ஆன்டனி கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

போன வாரம் அம்மாவுக்குக் கடைவாய்ப் பல் பிடுங்கினோம். இதயத்தில் வால்வு வைத்ததிலிருந்து ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறாளே, அதனால் டாக்டரம்மா முன்கூட்டியே ரத்தம் சோதித்துவிட்டுத்தான் எடுத்தார். பஞ்சை அழுத்திக் கடிக்கணும், துப்பவே கூடாது, எச்சிலை விழுங்கிவிடணும், துப்பினால் உறைந்த ரத்தம் பெயர்ந்துவிடும் என்று படித்துப் படித்துச் சொன்னார். உன் அம்மாவும் பூம்பூம் மாடு மாதிரித் தலையாட்டினாள். முத்தையாபுரம் வீட்டுக்கு வந்ததும் பஞ்சை எறிந்துவிட்டுத் துப்ப ஆரம்பித்தாள். ஈஸ்டர் வரைக்கும் தபசுகாலம் நாற்பது நாளும் சுத்தபோசனம், கறி தொடாத நாளில் ரத்தம் உள்ளே போகலாமா என்பது அவள் நியாயம். நான் சத்தம் போட்டதற்கு, "தபசுகாலத்துல ரத்தத்த முழுங்கச் சொல்லுதியளா?" என்று வாய் நிறைய ரத்தத்தோடு கேட்டாள். துப்பத் துப்ப ஊறியது. முகம் வெளுத்துச் சாய்ந்தவளை ஆட்டோவில் போட்டுக்கொண்டு திரும்ப ஓடினேன். டாக்டரம்மா தையல் போட்டு, மருந்தில் நனைத்த பஞ்சை வைத்து, தானே அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றார். அப்புறம்தான் ரத்தம் நின்றது.

இப்போது சமைக்கிறாள், என்னை ஏசுகிறாள், நன்றாகத்தான் இருக்கிறாள். நான்தான் சரியில்லை. வாஷ்பேசினை பிளீச்சிங் போட்டுத் தேய்த்தாயிற்று, எனக்கு மட்டும் சிவப்பாகவே தெரிகிறது. குழாய் சொட்டினால் துப்புகிறாளோ என்று ஓடுகிறேன். மத்தியானம் அவள் கண்ணயர்ந்தால் தலையணையில் கறை தேடுகிறேன். பயமாக இருக்கிறது மக்களே. பக்கத்துப் பல்லிலும் சீழ் இருக்கிறதாம், விட்டால் வால்வுக்கே ஆபத்தாம், வருகிற செவ்வாய் எடுத்தே ஆகணுமாம். விழுங்குவதில் பாவமில்லை என்று பங்குச்சாமியாரும் சொல்லிவிட்டார். அதற்கும் தலையாட்டினாள், அந்தத் தலையாட்டலைத்தான் நான் ஏற்கெனவே பார்த்திருக்கிறேனே.

அதனால் செவ்வாய்க்கிழமை பல் எடுத்து அவள் பஞ்சைக் கடித்துக்கொண்டிருக்கும்போது மிஸ்டு கால் கொடுக்கிறேன், உடனே நீ கூப்பிடு, போனை அவள் காதில் வைக்கிறேன். கேள்வி எதுவும் கேட்காதே, பதில் சொல்ல வாயைத் திறப்பாள். உன் வேலை, சாப்பாடு, ரூமில் இருக்கிற பையன்கள், எதையாவது சொல்லிக்கொண்டே இரு. நீ பேசினால் அவள் அசையமாட்டாள், துப்ப எழுந்து போகவும் மாட்டாள்.

ஆண்டவர் உனக்கு நீண்ட ஆயுளும் நல்ல சுகமும் தரட்டும், தலையில் துணி கட்டாமல் வெயிலில் நிற்காதே. செவ்வாயை மறந்துவிடாதே. ரத்தம் நின்றதும் நான் சொல்கிறேன், அதுவரை போனை வைத்துவிடாதே.

உன் அப்பா,
பவுல்