பங்கு பிரியாத 9973

22-11-98
சரத்தின் பித்தளை டோக்கனைப் புளி போட்டுத் தேய்த்தேன். 9973. அவன் தாத்தா வைத்திருந்தது, பிறகு அவன் அப்பன். செத்தவன் வேலை பிள்ளைக்கு வரும்போது டோக்கன் நம்பரும் கூடவே வரும். இந்தச் சுரங்கத்து வழக்கம். என் பேரனுக்காவது வேறு நம்பர் கொடு என்று டோக்கன் ஆபீஸ் பெருமாளிடம் கெஞ்சினேன். "நம்பர் இன்னா அக்கா பண்ணும்?" என்று எல்லார் முன்னாலும் சிரித்தான். அன்றிலிருந்து அவன் வீட்டு நல்லது எதற்கும் நான் போனதில்லை.

29-11-98
நேத்ரா, சரத்தின் தங்கை, ராபர்ட்சன்பேட்டையில் காலேஜில் கணக்குப் படிக்கிறவள், டோக்கனைப் பார்த்துச் சிரித்தாள். "ஆயா, இது பகா எண். எதால வகுத்தாலும் மிச்சம் நிக்கும். நாலு இலக்கத்துல இதான் பெருசு."

யாருக்கும் பங்கு பிரியாதா என்று கேட்டேன். ஒரு விதத்தில் பிரியுமாம். ஒரு எண்ணை அதே எண்ணால் பெருக்கி, இன்னொன்றையும் அப்படியே பெருக்கி, இரண்டையும் கூட்டினால் 9973. அந்த ஜோடி ஒன்றுதான். வேறு ஜோடியே கிடையாது. எழுதிக் காட்டினாள்.

57. 82.

82 அவள் அப்பா சுரங்கத்தில் செத்த வருஷம். அவளுக்கும் உறைத்தது, பேனாவை மூடிவிட்டாள். 57-இல்தான் என் வீட்டுக்காரர் மேல் பாறை விழுந்தது. அதை நான் சொல்லவில்லை.

30-11-98
பெருக்கிப் பார்த்தேன். சரியாகத்தான் வருகிறது.

6-12-98
மூன்றாகப் பிரிக்கச் சொன்னேன். மூன்று என்றால் நிறைய வழி இருக்கும், "தேடினா உன் கல்யாணத் தேதிகூட கெடைக்கும், சும்மா இரு ஆயா" என்றாள். விடவில்லை. எழுதினாள். அதில் ஒரு வரி: 15, 12, 98.

வருகிற செவ்வாய்க்கு அடுத்த செவ்வாய்.

15-12-98
நெஞ்சு வலி என்று விடியும்போதே படுத்துவிட்டேன். வலி இல்லை. சரத் ஷிப்டுக்குப் போகவில்லை.

பெருமாள் மகன் நாகேஷ் அவனைக் கூப்பிட வந்தான். நாகேஷ் பத்லி ஆள். யாராவது லீவு போட்டால் அந்த ஆளின் டோக்கனோடு கேஜில் ஏறிச் சுரங்கத்துக்குள் இறங்குவான். சரத் டோக்கனை அவனிடமே கொடுத்தான். சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, "ஒடம்பப் பாத்துக்க ஆயா" என்றான் நாகேஷ்.

சொல்லியிருக்கலாம். சொன்னால் வலி பொய் என்று தெரிந்துவிடும், சரத் கிளம்பிவிடுவான். பெருமாளின் சிரிப்பும் அந்த நேரம் பார்த்தா ஞாபகத்துக்கு வரணும்? வாய் திறக்கவில்லை.

மத்தியானம் சங்கு ஊதியது. ஷிப்ட் முடிகிற நேரமில்லை.

17-12-98
நேற்று நாகேஷை அடக்கம் செய்தார்கள். இன்று அந்த வீட்டுக்குப் போனேன், இத்தனை வருஷத்துக்குப் பிறகு. பெருமாள் எழுந்து வந்து என் கையைப் பிடித்தான்.

"நெஞ்சு வலி இப்ப எப்டிக்கீது அக்கா?"

தேவலை என்றேன்.

20-12-98
டோக்கன் திரும்பி வந்துவிட்டது. சரத் நாளையிலிருந்து ஷிப்டுக்குப் போகிறான். அதே நம்பர்.

நாலாகப் பிரிக்க நேத்ராவிடம் நான் கேட்கவில்லை. கேட்காமலே எழுதிக்கொண்டிருக்கிறாள்.