நோவாக் கொட்டகைத் திருப்பம்

என் சோம்பேறி ராஜாவுக்கு,

சூப் அடுப்பில் இருக்கிறது. முழுதும் நீயே தின்றுவிடாதே.

சற்றுமுன் ஒரு கணவன் மனைவி கைக்குழந்தையோடு காரில் வந்தார்கள். வரைபடத்தை வைத்துத் தாங்களாகவே நம் புல்வெளி மாவட்டத்தைச் சுற்றுகிறார்களாம்.

"அந்தக் காலத்து மண்வீட்டைப் பார்க்க எப்படிக்கா போகணும்?" என்றாள் அவள்.

"நேராப் போம்மா, நோவாக் கொட்டகைகிட்ட திரும்பு. விட்டுட்டா ஓடைக்குள்ளதான்!" என்று சிரித்தேன்.

"முதல்ல தேவாலயத்தைச் சுத்திப் பார்த்துட்டு அங்க போறோம்க்கா" என்றாள்.

அவர்கள் போன பிறகுதான் உறைத்தது. நோவாக் குடும்பத்தாரின் அந்தக் கொட்டகை போன வருடமே விழுந்துவிட்டது. நாம்தான் இன்னும் அதைச் சொல்லியே வழி காட்டுகிறோம்.

மேற்கே வானம் பச்சையாகிவிட்டது, சூறாவளிக்கு முன் ஆகுமே அப்படி. ஓடையில் வெள்ளம் ஏறுகிறது. என் எழுத்து கோணலாக இருந்தால், அது எப்போதும் உள்ள கோணல்தான்.

டிரக்கை எடுத்துப் போகிறேன். நீ வந்ததும் நிலவறையில் இறங்கு, வீரம் காட்டாதே.

கொட்டகை நின்ற இடத்தில் விளக்கைப் போட்டுக்கொண்டு நான் நிற்பேன்.

உன் வாயாடி