இறுகிய அரைஞாண்

என் கூடப்பிறந்த சொக்கா,

நீ போய் ஒன்பது வருஷமாகிறது. பாலக்கரையில் நம் பட்டறை இன்னும் ஓடுகிறது. போலி வைரங்களுக்கு இன்னும் நான் பட்டை தீட்டுகிறேன். நீ இருமிய அதே மூலையில் இப்போது நான் இருமுகிறேன்.

நெஞ்சு நோய்க்காரன் இளைத்தால் போய்விடுவான், சதை பிடித்தால் பிழைப்பான். நம் தெருவுக்குத் தெரிந்த வைத்தியம் அவ்வளவுதான். அதனால்தான் ஸ்ரீரங்கத்திலிருந்து வாரம் தவறாமல் நெய் வாங்கி வந்தேன். நீ தட்டைத் தள்ளினாய்.

"வேணாம்ணே. தின்னா மூச்சு முட்டுது. அரைஞாண் கயிறு வேற இறுக்குது."

"இறுக்கட்டும்டா! புது மாப்பிள்ளை மாதிரி தொப்பை போடுற, உனக்கென்ன கேடு?"

நானே கத்தரிக்கோல் எடுத்து உன் கயிற்றை அறுத்தேன். அப்புறம்தான் நீளமாகப் புதியது கட்டினேன். புதியது கட்டாமல் பழையதை அறுப்பது பிணத்துக்குத்தான். அது எனக்கு அன்று ஏன் தோன்றவில்லை?

மாதாமாதம் உன் முதுகில் குழாய் வைத்துக் கேட்ட டாக்டர் ஒருநாளாவது வயிற்றில் கை வைத்தாரா? வீங்கிய காலைப் பார்த்தாரா? கடைசியில் பெரிய ஆஸ்பத்திரி டாக்டர்தான் சொன்னார்.

"நுரையீரல் கெட்டு, அதோட மல்லுக்கட்டியே இருதயமும் ஓஞ்சுபோச்சு. இது சதை இல்லீங்க, தண்ணி. ஈரல் வீங்கியிருக்கு, கொழுப்பும் படிஞ்சிருக்கும். யாரு இவ்வளவு நெய் குடுத்தது?"



நீ போன பிறகு பழைய இங்கிலீஷ் வைத்தியப் புத்தகம் ஒன்றை வாங்கி, அகராதியை வைத்துக்கொண்டு எழுத்துக் கூட்டிப் படித்தேன். அதைத் தூக்கிக்கொண்டு அந்த முதல் டாக்டரிடம் போனேன். "பட்டறைக்காரர் டாக்டராயிட்டீங்களா?" என்று சிரித்தார். அவரை நான் மன்னிக்கவில்லை. என்னையும்தான்.

சொக்கா, போன வெள்ளிக்கிழமை குளிக்கும்போது என் கயிறு இடுப்பில் பதிந்திருந்தது. கணுக்காலில் விரலை அழுத்தினேன். குழி அப்படியே நின்றது.

உன் அண்ணிக்கு ஒரே சந்தோஷம்.

"இப்பத்தாங்க உங்களுக்கு உடம்பு பிடிக்குது. புதுக் கயிறு வாங்கி வச்சிருக்கேன், நாளைக்குக் கட்டிக்கங்க."

இன்று சோற்றில் நெய் மிதந்தது. நான் தட்டைத் தள்ளினேன். அவள் என்னைப் பார்த்த பார்வை, அன்று நான் உன்னைப் பார்த்ததுதான்.

கத்தரிக்கோலை ஒளித்து வைத்துவிட்டேன். நாளை காலை பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகிறேன். என் வயிற்றில் ஒருவர் கை வைத்துப் பார்க்கும்வரை பெஞ்சை விட்டு எழமாட்டேன். அதுவரை இந்தக் கயிறு இறுகியே இருக்கும். நீ சொன்னதை இந்த முறை நான் சொல்லுவேன், கேட்கவும் வைப்பேன்.

அன்று உன் பேச்சைக் கேட்காத
உன் அண்ணன்