சுவர் மகன் உலாந்தா

அனுப்புநர்
கி. ஜெப்ஸி (வயது 67),
க/பெ. கிருபாநிதி,
ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியை,
கிடங்குச் சந்து, தூத்துக்குடி.

பெறுநர்
உயர்திரு வருவாய்க் கோட்டாட்சியர் அவர்கள்,
தூத்துக்குடி.

பொருள்: எங்கள் வீட்டுப் பட்டாவில் கூட்டு உரிமையாளராகச் சேர்ந்துவிட்ட உலாந்தா என்பவர் – கிழக்குச் சுவரை மழைக்கு முன் கட்ட அனுமதி வேண்டுதல் – தொடர்பாக.

மரியாதைக்குரிய ஐயா,

1. நாங்கள் நாசரேத்துப் பக்கத்திலிருந்து வந்து 1989-இல் இந்த வீட்டை வாங்கினோம். கிரையப் பத்திரத்தில் நான்கெல்லை சொல்லும் இடத்தில் "உலாந்தா சுவருக்கு மேற்கு" என்று இருக்கிறது. உலாந்தா என்றால் டச்சுக்காரர். ஹாலந்து என்ற பெயர் எங்கள் கடற்கரை வாயில் பட்டு அப்படி ஆனது. அவர்களுடைய பழைய சரக்குக் கிடங்கின் சுவர்தான் எங்கள் வீட்டுக் கிழக்குச் சுவர்.

2. பட்டாவைக் கணினியில் ஏற்றியபோது உலாந்தாவை ஓர் ஆளாக எடுத்துக்கொண்டார்கள். தந்தை பெயர்க் கட்டத்தைக் காலியாக விட்டால் கணினி ஏற்காதாம். பத்திரத்தில் அடுத்திருந்த சொல்லை எடுத்து அதில் போட்டுவிட்டார்கள். ஆக, என் கணவரோடு கூட்டுப் பட்டாதாரர்: உலாந்தா, தந்தை பெயர் சுவர். படித்துவிட்டுச் சிரித்தோம். சிரித்துவிட்டுச் சும்மா இருந்தது எங்கள் தவறு.

3. இந்த ஆடிக் காற்றில் சுவர் பிளந்தது. அன்று விரல் நுழைந்த விரிசலில் இன்று என் கை நுழைகிறது. அதன் அடியில்தான் என் கணவரின் கட்டில். துறைமுகத்தில் இழுவைப் படகு ஓட்டியவர், பக்கவாதத்தில் படுத்து மூன்று வருடம் ஆகிறது. வீட்டின் அகலமே அவ்வளவுதான், கட்டிலை வேறெங்கும் போட இடமில்லை. சுவரைப் பிரித்துக் கட்ட அனுமதி கேட்கப் போனேன். கிணறு வெட்டப் பூதம் புறப்பட்டது. உலாந்தாவும் கையெழுத்திட வேண்டும், அவர் உயிரோடு இல்லையென்றால் அவருடைய வாரிசைக் காட்ட வேண்டும் என்றார்கள்.

4. போன மாதம் விசாரணை வைத்தார்கள். உலாந்தாவுக்கான அழைப்பாணையை அந்தச் சுவரிலேயே ஒட்டிவிட்டுப் போனார்கள். விசாரணை அன்று அலுவலக உதவியாளர் வராந்தாவில் நின்று மூன்று முறை அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். பெஞ்சில் இருந்த அத்தனை பேரும் வாசலைப் பார்த்தார்கள். எல்லாம் தெரிந்த நானும் பார்த்தேன். வெளியே வெயிலும் உப்புக் காற்றும்தான் இருந்தன. ஆனாலும் யாரோ படியோரம் செருப்பைக் கழற்றுவதுபோல ஒரு கணம் எனக்குத் தோன்றியது.

5. இதை வீட்டில் போய்ச் சொல்லியிருக்கக் கூடாது. "ஏளா, உலாந்தா அண்ணாச்சிய எதுக்கு அங்கன வரச் சொல்லுதாக? இங்கன சுவருக்கு அந்தப் பக்கம்தான நிக்காரு" என்றார் என் கணவர். அன்று முதல் அவருக்கும் உலாந்தாவுக்கும் பேச்சுவார்த்தை உண்டு. காலையில் விரிசல் வழியே வெளிச்சம் விழுந்து அவர் நெஞ்சின் மேல் மெல்ல நகரும். "அண்ணாச்சி நடக்காரு" என்பார். துறைமுகத்தில் கப்பல் ஊதினால், ஊருக்குக் கிளம்பிவிட்டாரோ என்று கலங்குவார். நான் மட்டும் என்ன வாழ்ந்தது? சில நாள் என்னையறியாமல் மூன்று டம்ளர் காப்பி ஆற்றிவிடுகிறேன்.

6. முப்பத்திரண்டு வருடம் பிள்ளைகளுக்கு இந்தப் பாடத்தைத்தான் நடத்தினேன். நெப்போலியன் போர் ஓய்ந்தபின் அரசுகள் உட்கார்ந்து நாடுகளைப் பங்கு வைத்தன. அதில் தீராமல் நின்றவற்றைத் தீர்க்க 1824-இல் இலண்டனில் ஆங்கிலேயரும் டச்சுக்காரரும் உடன்படிக்கை செய்தார்கள். மலாக்கா எனக்கு, சுமத்ரா உனக்கு என்றார்கள். இன்று மலேசியாவும் இந்தோனேசியாவும் தனித்தனி நாடுகளாக நிற்பதற்கு அதுவே அடி. அதே தாளில் தூத்துக்குடியும் கைமாறியது, மறு வருடம் உலாந்தா கப்பலேறினார். இங்கே முத்துக் குளித்தவர், உப்பு அள்ளியவர் எவரிடமும் ஒரு கையெழுத்துக் கேட்கவில்லை. ஓர் ஊரையே கொடுத்து வாங்கத் தேவைப்படாத கையெழுத்து, என் வீட்டுச் சுவருக்குத் தேவைப்படுகிறது. எனக்குக் கோபம் வருகிறது ஐயா, மறைப்பானேன்.

7. ஆனாலும் கேட்ட வாரிசை நான் தேடிக் கண்டுபிடித்துவிட்டேன். உலாந்தாவின் உடைமை ஆங்கிலேயரின் கிழக்கிந்தியக் கம்பெனிக்குப் போயிற்று. கம்பெனியுடையது இங்கிலாந்து ராணிக்கு. அங்கிருந்து 1947-இல் நம் அரசுக்கு. இந்தக் கோட்டத்தில் அரசின் பெயரால் நிலத்துக்குக் கையெழுத்திடுகிறவர் தாங்கள். ஆகவே சுவர் மகன் உலாந்தாவின் சட்டபூர்வ வாரிசு தாங்களே என்பதைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

8. ஐப்பசி பிறக்க இன்னும் பன்னிரண்டு நாள் இருக்கிறது. மழை இறங்கினால் சுவர் என் கணவர் மேல்தான் விழும். அதற்குள் தாங்கள் ஒருமுறை நேரில் வந்து பார்வையிட்டு, வாரிசு என்ற முறையில் கையெழுத்திட்டு அனுமதி வழங்குமாறு வேண்டுகிறேன். வரும்போது என் கணவர் தங்கள் கையைப் பிடித்துக்கொள்வார். இத்தனை நாள் ஏன் வெயிலில் நின்றீர்கள் என்று கேட்பார். நான் உலாந்தா இல்லை என்று மட்டும் தயவுசெய்து அவரிடம் சொல்லிவிடாதீர்கள்.

இடம்: தூத்துக்குடி
நாள்: 06.10.2025

தங்கள் வரவை எதிர்பார்க்கும்,
கி. ஜெப்ஸி